எங்கள் கடையில் யாரும் வேலை செய்வதில்லை

வேலை கேட்டு வருகிறவர்களை முதலாளிதான் கேள்வி கேட்பது உலக வழக்கம். என் கடையில் அது தலைகீழாக நடந்தது.

மன்னார் பஸ் நிலையத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் எனக்கு ஒரு தையல் கடை இருக்கிறது. மூன்று மெசின், துணி வெட்ட ஒரு நீள மேசை, ஓர் அலுமாரி, வருகிறவர்கள் இருக்க நாலு கதிரை. பின்னால் வீடு. பள்ளிக்கூடச் சீருடை, கலியாணச் சட்டை, கோயிலில் முதல்நன்மை வாங்கும் நாளில் பிள்ளைகள் போடும் வெள்ளைச் சட்டை எல்லாம் தைப்போம். ஐந்து வருசத்துக்கு முன் ஒருநாள் முருங்கன் பக்கத்திலிருந்து ஒரு பிள்ளை பஸ் ஏறி வந்து, துணி வெட்டத் தெரியும் என்றாள். பழைய துணி ஒன்றைக் கொடுத்துச் சட்டைக் கழுத்து வெட்டச் சொன்னேன். கோடு போடாமல், அளவு நாடாவைத் தொடாமல் வெட்டினாள். அச்சில் வார்த்த மாதிரி வந்தது. எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை. ஆனால் முகத்தில் காட்டவில்லை. முகத்தில் காட்டினால் சம்பளம் கூட்டிக் கேட்பார்கள் என்பது என் கொள்கை.

“நாளைக்கே வா” என்றேன்.

அவள் கத்தரிக்கோலை மேசையில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். “நியமனக் கடிதம் குடுப்பீங்களாக்கா?”

“என்ன கடிதம்?”

“வேலைக்கு எடுத்திருக்கோம்னு ஒரு கடிதம். அப்புறம் ஈ.பி.எஃப். சேமிப்புப் பணம் கட்டுவீங்களா? வருச லீவு எத்தன நாளு?”

மூலையில் இருந்த என் மச்சாள் வாயில் நாலு குண்டூசியை வைத்துக்கொண்டிருந்தாள். நாலில் ஒன்றையாவது விழுங்கியிருப்பாள் என்று நினைத்தேன். மச்சாள் என்றால் என் கணவரின் தங்கச்சி. பொத்தானும் பொத்தான் துளையும் அவளுடைய இலாகா. மற்ற மெசினில் இருந்தவள் வங்காலையிலிருந்து வருகிறவள்; என் மகளுக்கு ஞானத்தாய். இவர்கள் இருவரும் வருசக்கணக்காக என்னிடம் இருக்கிறார்கள். கடிதம் என்ற சொல் எங்கள் கடையில் அன்றுவரை விழுந்ததே இல்லை.

“இஞ்ச பார் பிள்ளை, இது ஒரு குடும்பம் மாதிரி” என்றேன். “குடும்பத்துக்குள்ள ஆரும் கடிதம் எழுதுவினமோ?”

அவள் சுவரைப் பார்த்தாள். அங்கே என் கையாலேயே எழுதி ஒட்டியிருந்தது: எட்டு மணிக்குப் பிந்தி வந்தால் அரை நாள் சம்பளம் இல்லை.

“எங்க குடும்பத்துல இப்புடியெல்லாம் ஒட்டி வைக்க மாட்டாங்கக்கா” என்றாள், பணிவாகத்தான்.

அவளுடைய அம்மா மலைநாட்டில் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர். பிறகு குடும்பத்தோடு முருங்கன் பக்கம் வந்து குடியேறினார்கள். தோட்டத்தில் பேர் பதியாமல் ஒரு கொழுந்தும் கிள்ள மாட்டார்கள், சங்கத்தில் சேராமல் கூடையைத் தூக்க மாட்டார்கள் என்று பின்னாளில் சொன்னாள். இவள் பிறந்தது இங்கேதான். பேச்சும் சட்ட அறிவும் தாயிடமிருந்து அப்படியே வந்துவிட்டன. எங்களைப் போல கடற்கரை ஆட்களுக்குக் காற்றுச் சட்டம் தெரியும், நீரோட்டச் சட்டம் தெரியும். தொழிற்சட்டம் என்றால் கொழும்பில் பெரிய கொம்பனிகளுக்கு உள்ள ஏதோ ஒன்று.

“பாப்பம்” என்றேன். நான் ‘பாப்பம்’ என்றால் இல்லை என்று அர்த்தம். கடையில் எல்லாருக்கும் அது தெரியும். அவளுக்குத் தெரியாததால் வேலைக்குச் சேர்ந்தாள்.

லீவு விசயத்தில் மட்டும் நான் தாராள மனசுக்காரி என்று என்னைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் இருந்தது. ஏனென்றால் ஒவ்வொரு ஆவணித் திருவிழாவுக்கும் கடையைப் பூட்டிவிட்டு, ஒரு வாகனம் பிடித்து, எல்லாரையும் மடு மாதா கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போவேன். மரத்தடியில் கூடாரம் அடித்து ஆறு நாள் நிற்போம். அதுதான் வருச லீவு. இதைவிட ஒரு முதலாளி என்ன செய்வது?

அந்த ஆறு நாளும் தண்ணீர் அள்ளியது வங்காலைக்காரி. சமைத்தது மச்சாள். சேர்ந்து ஒரு வருசம் ஆகும் முன்னமே வெங்காயம் வெட்டும் பொறுப்பு துணி வெட்டும் பிள்ளைக்குப் போனது, கை சுத்தம் என்பதால். நான் பாயில் இருந்து செபமாலை சொன்னேன். என் பெரியம்மா வீட்டார், கணவரின் சிநேகிதர்கள், பக்கத்துக் கூடாரத்தில் பழக்கமானவர்கள் என்று தினம் இருபது பேர் எங்களிடம் சாப்பிட்டார்கள். திரும்பி வரும்போது மூன்று பேரும் வாகனத்திலேயே வாயைத் திறந்தபடி தூங்கிப் போனார்கள். “பாத்தீங்களே, லீவு எண்டா இப்பிடி ஆறுதலா இருக்கோணும்” என்று கணவருக்குச் சொன்னேன். நான் அதை மனதார நம்பினேன். அதுதான் இதில் வெட்கக்கேடு.

இப்படியே போயிருக்கும். ஆனால் போன வருசம் வெட்டும் பிள்ளைக்கு வயிற்றில் குழந்தை தங்கியது. ஐந்தாம் மாதத்தில் ஒருநாள் மேசைக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு கேட்டாள். “அக்கா, புள்ள பொறந்ததும் நா திரும்பி வரலாங்களா?”

“பாப்பம்” என்றேன்.

இந்தத் தடவை அவளுக்கு அர்த்தம் தெரிந்திருந்தது. குனிந்து துணியை வெட்டினாள். அவளுடைய புருசனுக்கு நிரந்தர வேலை இல்லை. வயல் வேலை உள்ள காலத்தில் வயல், இல்லாத காலத்தில் கிடைத்தது. வரப்போகும் பிள்ளைக்கும் சேர்த்து அவளுடைய கத்தரிக்கோலைத்தான் அந்த வீடு நம்பியிருந்தது. அதுவும் எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் ‘பாப்பம்’ என்றேன். வேண்டும் என்று செய்யவில்லை, பிறகு யோசிக்கலாம் என்று விட்டேன். பிறகு யோசிக்கலாம் என்பது முதலாளிக்கு மட்டும் கிடைக்கிற சுகம்.

அடுத்த திங்கட்கிழமை தொழில் திணைக்களக் கந்தோரிலிருந்து ஓர் உத்தியோகத்தர் வந்தார்.

ஸ்கூட்டரில் வந்த ஒரு இளம் பெண். தலைக்கவசத்தைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, மறுகையில் கோப்போடு வாசலில் நின்றார். இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் கோப்போடு ஆராவது வந்தால் வாய் தானாக ஒரு கணக்குச் சொல்லும். நிவாரணம் என்றால் வீட்டில் ஒன்பது பேர். பதிவு என்றால் மூன்று பேர். யுத்த காலத்து நிவாரண அட்டையில் நாயின் பெயரையும் போட்ட ஒரு வீடு எனக்குத் தெரியும். நாய்க்கு ஞானஸ்நானப் பெயர் வேறு கொடுத்திருந்தார்கள். அந்தக் காலம் போய்விட்டது. வாய்க்கு மட்டும் இன்னும் யாரும் அறிவிக்கவில்லை.

“அம்மா, இஞ்ச எத்தினை பேர் வேலை செய்யினம்?”

“ஒருத்தரும் இல்லை, பிள்ளை” என்றேன்.

எனக்குப் பின்னால் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்த இரண்டு மெசினும் நின்றன.

உத்தியோகத்தர் எட்டிப் பார்த்தார். “அப்ப இவை?”

“சொந்தக்காரர். சும்மா கண்டுபோக வந்தவை.”

“தைச்சுக்கொண்டு இருக்கினம்?”

“கதைக்கேக்க கை சும்மா இருக்காது. எங்கட குடும்பம் அப்பிடி.”

வெட்டும் பிள்ளை கழுத்தில் அளவு நாடாவும், கையில் சோக்குக் கட்டியும், காதில் பென்சிலுமாக நின்றாள். உத்தியோகத்தரின் பார்வை அவளில் போய் நின்றது. “இவ?”

“தங்கச்சி.”

“கூடப் பிறந்தவவோ?”

“ஒன்றுவிட்ட.”

“தங்கச்சிக்கு எந்த ஊர்?”

“வங்காலை” என்றேன் நான். அதே நேரத்தில் “முருங்கன் பக்கமுங்க” என்றாள் அவள். அதைவிடப் பெரிய சங்கடம், அந்த ‘முங்க’ வில் மலைநாடு முழுக்க இருந்தது. எங்கள் குடும்பத்தில் நாலு தலைமுறையாக யாரும் ‘முங்க’ சொன்னதில்லை.

உத்தியோகத்தர் சிரிக்கவில்லை. அதுதான் எனக்குப் பயம் தந்தது. எழுதினார். “வேலை செய்வோர்: இல்லை. இதில ஒரு கையெழுத்து வையுங்கோ, அம்மா.” நான் கலியாணப் பதிவில் வைத்ததைவிட அழகாக ஒரு கையெழுத்து வைத்தேன். ஒரு துண்டுப் பிரசுரத்தை மேசையில் வைத்துவிட்டு, அடுத்த கிழமையும் இந்தப் பக்கம் வருவேன் என்று சொல்லிப் போனார்.

ஸ்கூட்டர் சத்தம் போன பிறகு நான் வெற்றி வீராங்கனை மாதிரித் திரும்பினேன். ஒருத்தரும் கை தட்டவில்லை.

“அப்ப நா இங்க வேலை செய்யலீங்களாக்கா?” என்று கேட்டாள் வெட்டும் பிள்ளை.

“அது சும்மா சொன்னதடி.”

“கையெழுத்து வச்சீங்களே.”

“அது கந்தோருக்கு.”

“புள்ள பொறந்தா திரும்பி வர எடம் இருக்குமான்னு கேட்டேன். இப்ப விட்டுட்டுப் போறதுக்கே எடமில்லாம போச்சே” என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் நான் அதட்டி அடக்கியிருப்பேன். அவள் பிரசுரத்தை எடுத்து மற்ற இருவருக்கும் வாசித்துக் காட்டினாள். பிள்ளைப் பேற்று லீவு எண்பத்து நாலு நாள், சம்பளத்தோடு. பிள்ளை பெறப் போகிறாள் என்பதற்காக வேலையை விட்டு நிறுத்தக் கூடாது. மச்சாளும் வங்காலைக்காரியும் தலையைத் தலையை ஆட்டிக் கேட்டார்கள். அன்றே எனக்கு விளங்கியிருக்க வேண்டும்.

மறுநாள் எட்டு மணிக்கு ஒருத்தரும் வரவில்லை. அந்த ஞாயிறு எங்கள் பங்குக் கோயிலில் முதல்நன்மை. பதினெட்டுச் சட்டை தைத்து முடிக்க வேண்டும். ஒன்பது மணிக்கும் வரவில்லை. பத்து மணிக்கு மூன்று பேரும் சேர்ந்து வந்தார்கள், கோயிலுக்குக் கட்டும் சீலையில். மச்சாளின் கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். வங்காலைக்காரியின் கையில் விசுக்கோத்துப் பெட்டி. வெட்டும் பிள்ளை ஒரு பெரிய பூசணிக்காயை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். அதை முருங்கனிலிருந்து பஸ்ஸில் கொண்டுவந்திருக்கிறாள்.

“வாங்கோ” என்றேன், பழக்கதோசத்தில்.

அந்த ஒரு சொல்லில் மாட்டினேன். வாங்கோ என்று சொன்ன பிறகு எங்கள் ஊரில் திரும்ப வழி இல்லை. மூன்று பேரும் மெசினைத் திரும்பியும் பாராமல், வாடிக்கையாளர் கதிரையில் வரிசையாக இருந்தார்கள்.

“எப்பிடி மச்சாள், சுகமா இருக்கிறீங்களோ?” என்றாள் மச்சாள். முந்தின நாள் மாலை ஐந்து மணிவரை என்னோடு இருந்தவள்.

“என்னடி கூத்து இது? சட்டை கிடக்குது, எழும்புங்கோ.”

“நாங்கள் சும்மா கண்டுபோக வந்தனாங்கள்” என்றாள் வங்காலைக்காரி. “தேத்தண்ணி ஒண்டும் இல்லையோ?”

நான் முறைத்தேன். மூன்று பேரும் விருந்தாளி மாதிரி மடியில் கையை வைத்துக்கொண்டு அண்ணாந்து முகட்டைப் பார்த்தார்கள். கணவரின் தங்கச்சிக்குத் தேத்தண்ணி கொடுக்காமல் விட்டேன் என்று ஒரு கதை வெளியில் போனால், அது எங்கள் இருவரின் செத்தவீட்டிலும் பேசப்படும். போய்த் தேத்தண்ணி போட்டேன். வாழைப்பழத்தையும் உரித்துத் தட்டில் வைத்தேன். வெட்டும் பிள்ளை மட்டும் கொஞ்சம் கூச்சப்பட்டாள். மச்சாள் அவளுக்கு முழங்கையால் ஒரு இடி கொடுத்ததும் அவளும் ஒரு பழம் எடுத்தாள்.

பிறகு நான் தனியாக வெட்டினேன், தனியாகத் தைத்தேன். அவர்கள் எனக்குப் பின்னால் இருந்து ஊர்க்கதை பேசினார்கள். மத்தியானம் கணவர் வந்தார். அவர் படகு மோட்டர் திருத்துகிறவர். உலகத்தில் மோட்டரைத் தவிர ஒன்றையும் உற்றுப் பார்க்க மாட்டார். தினமும் காண்கிற மூன்று பேரையும் கோயில் சீலையில், பழத்தோடு, கதிரையில் கண்டதும் முகம் மலர்ந்துவிட்டது.

“ஆ! எல்லாரும் வந்திருக்கிறீங்கள்! கலியாணம் ஏதும் பேச வந்தனீங்களோ?”

“இல்லை அண்ணா, சும்மா” என்றாள் மச்சாள்.

“அப்ப சாப்பிட்டுத்தான் போகோணும்” என்று சொல்லிவிட்டு, மனுசன் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்க் கணவாய் மீன் வாங்கி வந்தார். சமைத்தது யார் என்று சொல்லத் தேவையில்லை. பூசணிக்காயையும் வெட்டினேன். அன்று நான் ஒழுங்காக வெட்டியது அது ஒன்றுதான்.

பின்னேரம், கோயிலில் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி படிப்பிக்கும் சிஸ்டர் சட்டை எந்த மட்டில் என்று பார்க்க வந்தார். நான் தலைவிரி கோலமாக மெசினில். எனக்குப் பின்னால் மூன்று பெண்கள் விசுக்கோத்தைத் தேத்தண்ணியில் தோய்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

“ஏன், உங்கட வேலையாட்கள் எல்லாம் எங்க?” என்று சிஸ்டர் கேட்டார்.

“இஞ்ச ஒருத்தரும் வேலை செய்யிறேல்லை, சிஸ்டர்” என்றார்கள் மூன்று பேரும், பாடகர் குழு மாதிரி ஒரே குரலில்.

சிஸ்டர் போகும்போது சிலுவை போட்டுக்கொண்டு போனார். ஐந்து மணிக்கு விருந்தாளிகள் எழும்பி “போட்டு வாறம்” என்றார்கள். நான் படலைவரை போய் வழியனுப்பினேன். அதையும் செய்யாவிட்டால் மரியாதை இல்லை.

புதன்கிழமை நாலு பேராக வந்தார்கள். நாலாவது ஆள் மச்சாளின் மாமியார், கையில் ஒரு துணிப்பையோடு. “இஞ்ச எல்லாரும் வந்து நிக்கினம் எண்டு கேள்விப்பட்டனான். நானும் ஒருக்கா வருவம் எண்டு” என்றார். அவருக்குத் தேத்தண்ணி ஆகாது. சீனி இல்லாத கடும் கோப்பி, ஒன்றரை மணித்தியாலத்துக்கு ஒருக்கா.

அன்று மத்தியானம் நான் ஒரு சட்டையைத் தைத்து முடித்து உயர்த்திப் பிடித்தேன். தலை போக வேண்டிய இடத்தில் ஒரு கை தைத்திருந்தது. கை போக வேண்டிய இடம் திறந்து கிடந்தது. வெள்ளைச் சாட்டின். பதினெட்டில் முடிந்தது மூன்று. எனக்குத் தலைக்கு மேல் ஏறியது கோபம்.

“காணும்! எழும்பி வேலையைச் செய்யுங்கோடி!” என்று கத்தினேன். தெருவில் போன ஆட்டோ ஒன்று நின்று பார்த்துவிட்டுப் போனது.

“ஆர், மச்சாள்? ஆர் வேலையாள்?” என்றாள் மச்சாள், அமைதியாக.

நான் வெட்டும் பிள்ளையைப் பார்த்துக் கையை நீட்டினேன். “எல்லாம் நீ வந்த பிறகு வந்த வினை. கடிதம், சட்டம், அது, இது!”

வங்காலைக்காரிதான் பதில் சொன்னாள். “அவளில பாயாதேங்கோ, அக்கா. இது எங்கட யோசினை. எனக்கும் உங்கட மச்சாளுக்கும் என்ன, நாளைக்கு நீங்கள் துரத்தினாலும் நாளையிண்டைக்கு ஒரு பெருநாளில கண்டு கட்டிப்பிடிச்சு அழுது திரும்பி வந்திடுவம். நாங்கள் சொந்தம். இவளுக்கு உங்களிட்ட என்ன பிடி இருக்கு?”

வெட்டும் பிள்ளை தலையை நிமிர்த்தினாள். “எனக்கு ஒரு வரி போதும்க்கா. திரும்பி வரலாம்னு ஒரு வரி. நீங்க நல்லவங்கதான். ஆனா நீங்க நல்லா இருக்கிற நாளாப் பாத்து எனக்குப் புள்ள பொறக்காதே.”

எனக்கு அந்த இடத்தில் வெட்கமாகப் போய்விட்டது. மாமியார்கூடக் கோப்பியைக் கீழே வைத்துவிட்டார். நான் கையில் இருந்த முண்டச் சட்டையோடு கதிரையில் இருந்தேன்.

சட்டம் பெரிய இடங்களுக்கு என்று நினைத்துக்கொண்டு இத்தனை வருசம் இருந்திருக்கிறேன். ஆயிரம் பேர் வேலை செய்யும் தொழிற்சாலையில் முதலாளிக்குக் கோபம் வந்தால் ஆளுக்குக் கொஞ்சமாகப் பங்கு பிரியும். மூன்று பேர் உள்ள கடையில் முழுக் கோபமும் மூன்று தலையில்தான் இறங்கும். என் கடையில் சட்டம் என்று இருந்தது என் குணம் ஒன்றுதான். காலையில் கறிக்கு உப்புக் கூடினால் மத்தியானம் லீவு கிடையாது. மனுசன் ஒரு நல்ல சொல் சொன்னால் அன்று எல்லாருக்கும் ஐஸ்கிறீம். அவர்கள் மூன்று பேரும் தினமும் காலையில் என் முகத்தைப் பார்த்துக் காலநிலை அறிக்கை தயாரித்துக்கொண்டுதான் மெசினில் இருந்திருக்கிறார்கள். சின்னக் கடைக்குத்தான் சட்டம் கட்டாயம் வேண்டும். இதை நான் சொன்னால் என்னுடைய வியாபாரச் சிநேகிதிகள் இன்றைக்கும் காதைப் பொத்துகிறார்கள்.

வியாழன் காலை நானே கந்தோருக்குப் போனேன். வாசலில் நின்றவர் யாருடைய முறைப்பாடு என்று கேட்டார். “என்னுடையது” என்றேன். “ஆருக்கு எதிராக?” என்றார். “எனக்கு” என்றேன். என்னைக் கொஞ்சம் தள்ளியிருந்த நீள மர வாங்கில் இருக்கச் சொன்னார்.

ஸ்கூட்டர் உத்தியோகத்தர் வந்ததும் எழும்பி நின்று சொன்னேன். “பிள்ளை, எனக்கு வேலையாட்கள் இருக்கினம்.”

“திங்கட்கிழமை இல்லை எண்டனீங்கள்.”

“ஓம்.”

“இப்ப எத்தினை பேர்?”

“மூண்டு.”

“எப்ப சேந்தவை?”

“ஒராள் பதினொரு வருசம். ஒராள் ஒன்பது. மற்றவ நாலு.”

அவர் பேனையைக் கையில் வைத்துக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். “ஒன்றுவிட்ட தங்கச்சியும் அதுக்குள்ளயோ?” என்றார். அப்போதுதான் சிரித்தார். பிறகு முதலில் எழுதியதை வெட்டி, என்னிடம் இன்னொரு கையெழுத்து வாங்கி, என்ன என்ன செய்ய வேண்டும் என்று பொறுமையாக விளங்கப்படுத்தினார். செய்யாமல் விட்டதற்கு உள்ள தண்டப் பணத்தையும் சொன்னார். அதையெல்லாம் கேட்டபோது எனக்கு வியர்த்தது. ஆனால் கந்தோரை விட்டு வெளியே வந்தபோது, பல வருசப் பாவத்தைச் சொல்லி முடித்து வந்த மாதிரித்தான் இருந்தது. பாவசங்கீர்த்தனத்தில் மூன்று அருள்நிறை மந்திரத்தோடு விட்டுவிடுவார்கள். இங்கே எட்டுப் படிவம்.

நான் கொண்டுவந்த படிவங்களைக் கண்ட பிறகு, வெள்ளியும் சனியும் மெசின்கள் தடதடத்தன. மாமியாரும் பொத்தான் தைத்தார். அவரையும் பதிய வேண்டுமோ என்று நான் பயந்து, அவர் கையிலிருந்து ஊசியைப் பறிக்க, அவர் கொடுக்க மாட்டேன் என்று ஒரே சண்டை. ஞாயிற்றுக்கிழமை பதினெட்டுப் பிள்ளைகளும் வெள்ளையாகத்தான் கோயிலுக்குள் போனார்கள்.

கடிதம் எழுதுவதுதான் அதைவிடப் பெரிய பாடு. மாதிரிப் படிவத்தில் ‘பதவி’ என்று ஓரிடம் இருந்தது. மச்சாளுக்கு ‘தையல் உதவியாளர்’ என்று எழுதினேன். அவள் ‘மனேஜர்’ என்று போடச் சொன்னாள். மூன்று நாள் பேச்சுவார்த்தை இல்லை. கடைசியில் கணவர் நடுவில் வந்து ‘முதுநிலைத் தையலாளர்’ என்று தீர்த்துவைத்தார். அது என்ன என்று இன்றுவரை எங்கள் யாருக்கும் தெரியாது. வங்காலைக்காரி ஒரு பந்தி சேர்க்கச் சொன்னாள்: மடுவுக்குப் போகும் நாட்கள் வருச லீவில் சேராது, அங்கே சமையல் முறை வைத்து, முதலாளி உட்பட. அரசாங்கப் படிவத்தில் அதற்கு இடம் இல்லை. அடியில் கையால் எழுதிக் கையெழுத்து வைத்தேன்.

வெட்டும் பிள்ளை தன் கடிதத்தை மூன்று தரம் வாசித்தாள். ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டாள். அதைக் கைப்பையில் வைத்துவிட்டு, அதே பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்து என்னிடம் நீட்டினாள். பிள்ளைப் பேற்று லீவு விண்ணப்பம். தாள் மடிப்பில் அழுக்கேறியிருந்தது.

“இதை எப்ப எழுதினனி?”

“தெரிஞ்ச அன்னிக்கே எழுதிட்டேங்க்கா. குடுக்கத்தான் தைரியம் வரல.”

அவளுக்கு ஆண் பிள்ளை பிறந்தது. நான் முருங்கன் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்தேன். அவள் இல்லாத நாட்களில் கடை பட்ட பாட்டைச் சொல்லி முடியாது. வெட்டும் வேலை முழுக்க என் தலையில். ஒரு ஆசிரியருக்கு நான் வெட்டிய காற்சட்டையை அவருடைய மகன் போட்டுக்கொண்டு போனான். ஒரு மணப்பெண் என் கடையில் நின்று அழுதாள். வீட்டில் மனுசன், “இன்னொரு ஆளைப் பிடிச்சுப் போடு, அவ வந்தாப் பாப்பம்” என்று சொல்லத் தொடங்கினார்.

அந்த நேரத்தில்தான் ஒரு பெண் வந்தாள். முப்பது வயது இருக்கும். நான் சட்டைக் கொலர் ஒன்றோடு மல்லுக்கட்டிக்கொண்டு நின்றதைப் பார்த்து, “தாங்கோ அக்கா” என்று வாங்கி, மேசையடியில் வெட்டும் பிள்ளை இருக்கும் கதிரையில் இருந்துகொண்டு, பேசிக்கொண்டே வெட்டித் தந்தாள். இரண்டு நிமிசம் ஆகவில்லை. கொலர் கழுத்தில் தானாகப் போய் இருந்தது. வேலை ஏதும் இருக்குமோ என்று கேட்டாள்.

உண்மையைச் சொல்கிறேன். கடிதம், படிவம், கையெழுத்து எல்லாம் அந்த நிமிசம் எனக்கு மறந்து போயிற்று. என் வாய் ‘ஓம்’ என்று சொல்ல ஆயத்தமாக இருந்தது. சும்மா பேச்சுக்கு, “முந்தி எங்கயும் வேலை செய்தனீரோ?” என்று கேட்டேன்.

“ஓம், ஒரு கடையில. ஏழு வருசம்.”

“ஏன் விட்டனீர்?”

“நான் விடேல்லை, அக்கா. பிள்ளை பிறந்து மூண்டு மாசத்தால திரும்பிப் போனன். என்ர மெசினில வேற ஒராள் இருந்து தைச்சுக்கொண்டு இருந்தா. என்னை நிமிந்து பாத்து, ‘வாங்கோ அக்கா, என்ன தைக்கோணும்?’ எண்டு கேட்டா.”

வாய்வரை வந்த ‘ஓம்’ திரும்பிப் போயிற்று. பிறகு சொன்னேன். “நீர் இருக்கிற கதிரைக்கு ஆள் இருக்கு, தங்கச்சி. பிள்ளை பெறப் போயிருக்கிறா.”

அவள் சட்டென்று எழும்பினாள். கதிரையைத் திரும்பிப் பார்த்து, அதில் விழுந்திருந்த நூல் துண்டுகளைக் கையால் தட்டிவிட்டாள். கத்தரிக்கோலை எடுத்த இடத்திலேயே வைத்தாள்.

“முதலே சொல்லியிருக்கலாமே, அக்கா. நான் இருந்திருக்க மாட்டன்” என்றாள்.

அவள் அந்த நேரம் என்ன கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பேன். அவள் ஒன்றும் கேட்கவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று மட்டும் சொன்னாள்.